கரும்புத் தீவுகளும் தேயிலை மலைகளும்: பிஜி, இலங்கை மலையகத் தமிழர் வரலாறு பற்றிய ஓர் ஒப்புநோக்கு

தமிழர் கடல் கடந்த வரலாற்றை எழுதப் புகுந்தோர் சோழரின் கடற்படையெடுப்புகளையும் வணிகக் கணங்களின் கீழைத்தேயத் தொடர்புகளையும் விதந்து பேசியுள்ளனர். ஆயின் தொகையளவிலும் சமூக விளைவிலும் அவற்றினும் மிகப் பெரிதான கடற்செலவு, 19ஆம் நூற்றாண்டில், வாளும் துலாக்கோலுமின்றி உழைப்பை மட்டுமே உடைமையாகக் கொண்டு புறப்பட்ட ஏழை மக்களின் செலவேயாகும். இலங்கை, மலாயா, மொரீசியசு, தென்னாபிரிக்கா, பிஜி எனப் பல திசைகளிற் பிரிந்த அம்மக்களின் வரலாறு நாடுதோறும் தனித்தனியே எழுதப்பட்டுள்ளதேயன்றி, ஒன்றோடொன்று ஒப்பவைத்து நோக்கப்பட்டமை குறைவு. நுவரெலியா, ஹற்றன் பகுதிகளை நடுவாகக் கொண்ட இலங்கை மலையகத்தையும் பசுபிக் பெருங்கடலின் பிஜித் தீவுக்கூட்டத்தையும் அவ்வாறு ஒப்பவைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வொப்பீட்டிற்கு ஒரு வினா அடிப்படையாக அமைகின்றது. மலையகத்திற் குடியேறிய தமிழர் இரு நூற்றாண்டுகளின் பின்னரும் தமிழைத் தம் வீட்டு மொழியாகவும் கலை மொழியாகவும் பேணி நிற்கின்றனர். ஆயின் 1948இல் அவர்கள் நாடற்றவராக்கப்பட்டனர். பிஜிக்குச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் வாக்குரிமையுடைய குடிமக்களாயினர். ஆயின் அவர்களுட் பெரும்பாலோர் இன்று தமிழ் பேசுவதில்லை. ஒரு கரையில் மொழி எஞ்சியது, உரிமை பறிபோயிற்று. மறுகரையில் உரிமை ஓரளவு கிட்டிற்று, மொழி தேய்ந்தது. இவ்வேறுபாட்டின் காரணம் யாது?

1. தீவுக்கூட்டத்தின் இயல்பு

பசுபிக் பெருங்கடலில் வடக்கே ஹவாயும் தெற்கே நியூசிலாந்தும் கிழக்கே ஈஸ்ரர் தீவும் மூன்று முனைகளாக அமையும் பெரும் முக்கோணமே பொலினீசியா எனப்படுவது. அம்முக்கோணத்தின் மேற்கு விளிம்பில், மெலனீசியாவும் பொலினீசியாவும் சந்திக்கும் இடத்தில், முந்நூறுக்கு மேற்பட்ட தீவுகளைக் கொண்டு விளங்குவது பிஜி. ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன்னர் லபிட்டா மட்பாண்டங்களைப் பயன்படுத்திய கடலோடிகள் இங்கு வந்து குடியேறினர். கிழக்கிலுள்ள லாவ் தீவுகள் தொங்கா நாட்டோடு நெருங்கிய உறவு கொண்டவை. வடக்கே தொலைவிலுள்ள ரொத்துமாவின் மக்கள் தமக்கென வேறு மொழியுடையோர்.

தீவுக்குத் தீவு இயற்கையும் வேறுபடும். விட்டி லெவு என்னும் பெருந்தீவின் கிழக்குப் பகுதி மழைமிக்கது; மேற்குப் பகுதி மழைமறைவிலுள்ளது. நந்தி, லவுட்டோக்கா, பா, ராக்கிராக்கி என நீளும் அவ்வறண்ட மேற்குக் கரையே கரும்பு நிலமாயிற்று. வனுவா லெவுவில் லம்பாசாச் சமவெளி கரும்புக்கு இடமளித்தது. தவேயுனி தென்னைக்குப் பெயர் பெற்றது. ஓவலாவுத் தீவிலுள்ள லெவுக்கா பழைய தலைநகரம்; நுக்குலாவு என்னும் சிறுதீவு, வந்திறங்கிய தொழிலாளரை நோய்த்தடைக் காவலில் வைத்த இடம். எனவே பிஜிக்குச் சென்ற ஒரு தொழிலாளி பல தீவுகளைக் கடந்தே தன் தோட்டத்தை அடைந்தான். ஒரே கப்பலில் வந்தவர்கள் வெவ்வேறு தீவுகளுக்குப் பங்கிடப்பட்டுப் பிரிந்தனர்.

இலங்கை மலையகம் ஒரு தீவின் நடுவிலுள்ள மலைநாடு. ஆயினும் அதனையும் ஒரு தீவுக்கூட்டமாகக் காண இடமுண்டு. நாவலப்பிட்டியிலிருந்து ஹற்றன், கொட்டகலை, தலவாக்கலை வழியாக நானுஓயா வரை புகையிரதத்திற் செல்வோர், பள்ளத்தாக்குகளாற் பிரிக்கப்பட்டு, தத்தம் தொழிற்சாலையும் லயங்களும் மாரியம்மன் கோயிலும் கொண்டு தனித்தனியே நிற்கும் தோட்டங்களைக் காண்பர். இத்தனிமையைப் புவியியல் மட்டும் ஆக்கவில்லை. அத்துமீறல் சட்டங்களின் துணையுடன், துரையின் அனுமதியின்றி வெளியார் எவரும் தோட்டத்துள் நுழைய முடியாத நிலை நெடுங்காலம் நிலவியது. தொழிற்சங்க முன்னோடியான கோ. நடேசய்யர் புடைவை வியாபாரியாக வேடம் பூண்டு தோட்டங்களுட் புகுந்தார் என்று மலையக வரலாற்றாசிரியர் பதிவு செய்துள்ளமை இங்கு நினைக்கத்தக்கது. கடல் செய்த வேலையை இங்கு சட்டம் செய்தது எனலாம்.

2. ஒரு தேசாதிபதி, இரு நாடுகள்

இவ்விரு நாடுகளின் வரலாற்றையும் ஒரே மனிதரின் பதவிக்காலம் இணைத்து நிற்பது ஆய்வாளர் கவனத்திற்குரியது. சேர் ஆதர் ஹமில்ட்டன் கோர்டன் திரினிடாட்டிலும் மொரீசியசிலும் ஆட்சி புரிந்து, இந்தியக் கூலியுழைப்பின் இயல்பை நன்கறிந்த பின்னரே, 1875இல் பிஜியின் தேசாதிபதியானார். 1883 முதல் 1890 வரை அவரே இலங்கையின் தேசாதிபதி.

பிஜி 1874 ஒக்டோபர் 10இல் பிரித்தானிய முடியாட்சியின் கீழ் வந்தது. அடுத்த ஆண்டிற் பரவிய சின்னமுத்து நோய் உள்நாட்டு மக்களுட் பெருந்தொகையினரைப் பலிகொண்டது. கிராம அமைப்பிலிருந்து பிஜியரைப் பிரித்துத் தோட்டங்களில் உழைக்க விடின் அவ்வினமே அழியும் எனக் கோர்டன் கருதினார். பிஜியரின் நிலம் பிறர்க்கு விற்கப்படுவதைத் தடுத்து, தலைவர்கள் வழியாக ஆளும் முறையை அவர் நிறுவினார். ஆனால் குடியேற்ற நாட்டின் செலவை ஈடுசெய்யப் பெருந்தோட்டம் வேண்டும். பெருந்தோட்டத்திற்கு உழைப்பு வேண்டும். அவ்வுழைப்பை இந்தியாவிலிருந்து பெறுவதென முடிவாயிற்று. மூலதனம் சிட்னியைத் தளமாகக் கொண்ட குடியேற்றநாட்டுச் சீனி சுத்திகரிப்புக் கம்பெனியிடமிருந்து வந்தது. அதன் முதலாவது பிஜி ஆலை 1882இல் நவுசோரியில் இயங்கத் தொடங்கியது. பிஜியர் நிலத்தோடு நிற்பர்; இந்தியர் நிலமின்றி உழைப்பர்; ஐரோப்பியர் இலாபம் பெறுவர் என்ற முக்கூற்றுச் சமூக அமைப்பு இவ்வாறு வகுக்கப்பட்டது.

இலங்கையில் அவர் பதவியேற்ற காலம் கோப்பியின் அந்திமக் காலம். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்திருந்தது; 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. அவ்வங்கியின் நாணயத்தாள்களுக்கு அரசின் உத்தரவாதம் அளித்து நெருக்கடியைத் தணித்தவர் கோர்டனேயாவர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலைச் செய்கை மலைநாடெங்கும் பரவியதும் இக்காலத்திலேயே. புகையிரதப் பாதை 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது.

பிஜியில் உள்நாட்டு மக்களின் நிலத்தைக் காத்தவர் எனப் புகழப்படும் இவ்வாட்சியாளரின் காலத்தில் நுவரெலியா மாவட்டத்தின் வலப்பனைப் பகுதியில் நிகழ்ந்தது யாது? நெல்வரி செலுத்த இயலாத சிங்கள விவசாயிகளின் வயல்கள் 1880களில் ஏலத்தில் விற்கப்பட்டன. நிலமிழந்தோர் பட்டினியுற்றனர், ஊரைவிட்டு அகன்றனர். நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர் இதனை வெளிப்படுத்தினார். கோர்டன் நாட்டைவிட்டு நீங்கிய பின்னர் 1892இலேயே அவ்வரி நீக்கப்பட்டது. இதற்கு நெடுங்காலம் முன்னரே, 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம் கண்டிய மக்களின் காட்டு நிலங்களைத் தோட்டக்காரர் கைக்கு மாற்றியிருந்தது. ஆகவே ஓரிடத்தில் நிலம் காக்கப்பட்டதற்கும் மற்றோரிடத்தில் பறிக்கப்பட்டதற்கும் ஆள்வோரின் தனிமனித இயல்பு காரணமாகாது; அந்தந்த நாட்டிற் குடியேற்ற ஆட்சி மேற்கொண்ட பொருளாதாரத் தேவையே காரணம் என்பது பெறப்படும்.

3. கப்பலும் காட்டுவழியும்

பிஜிக்கான முதற் கப்பலாகிய லியோனிடாஸ் 1879 மார்ச்சில் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டு மே 14இல் லெவுக்காவை அடைந்தது. வாந்திபேதியும் பெரியம்மையும் கண்டிருந்தமையால் பயணிகள் பல வாரம் தனிமைப்படுத்தப்பட்டனர். 1884 மே 11இல் சிரியா என்னும் கப்பல் நசிலாய்ப் பவளப்பாரில் மோதி உடைந்தபோது 59 உயிர்கள் மாண்டன. 1916 வரை 87 பயணங்களில் 60,000க்கு மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். இவர்களுள் ஏறத்தாழ 45,000 பேர் கல்கத்தா வழியாகவும், ஏறத்தாழ 15,000 பேர் சென்னை வழியாகவும் சென்றோர். சென்னையிலிருந்து ஆட்சேர்ப்புத் தொடங்கியது 1903இலேயே. அதாவது, தமிழர் சென்றடைந்தபோது கரும்புத் தோட்டங்களில் 24 ஆண்டுக் காலமாக இந்துஸ்தானி வழங்கிவந்தது. அவர்களும் தமிழர் மட்டுமல்லர். வட ஆர்க்காடு, செங்கற்பட்டு மாவட்டத்தாருடன் ஆந்திரக் கரையோரத் தெலுங்கரும் மலையாளிகளும் அதே கப்பல்களில் இருந்தனர்.

இலங்கைக்கான கடற்பயணம் குறுகியது. பாக்கு நீரிணையை நாட்டுப் படகிற் கடக்கலாம். ஆனால் கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் வறண்ட வன்னிக் காட்டுவழியே மாத்தளை நோக்கிப் பல நாள் நடந்தனர். வாந்திபேதி, காய்ச்சல், பசி, தாகம் ஆகியவற்றால் வழியில் மடிந்தோர் பலர். 1914இல் தனுஷ்கோடி - தலைமன்னார் படகுச் சேவையும் புகையிரதமும் இணைக்கப்பட்டன. பின்னர் மண்டபம் முகாம் ஆட்களைச் சோதித்து அனுப்பும் வாயிலாயிற்று.

இவ்விரு பயணங்களிடையே தூரத்திலும் முக்கியமான ஒரு வேறுபாடு உண்டு. பிஜிக்கு ஆள் சேர்த்தவர் உரிமம் பெற்ற முகவர். அவருக்கு ஆளும் ஊரும் அயல். திருவிழாவிலும் சந்தையிலும் தனித்து நின்றோரை ஆசை காட்டி அழைத்துச் சென்று கப்பலேற்றினார். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் இருத்தல் வேண்டும் என்ற விதி, குடும்பம் குடும்பமாகச் செல்லாமையின் சான்றேயாம். இலங்கைக்கு ஆள் சேர்த்தவன் கங்காணி. திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பகுதிகளிலுள்ள தன் ஊருக்கே சென்று, தன் உறவினரையும் ஊராரையும் முன்பணம் கொடுத்து அழைத்து வந்தான். கூட்டம் கூட்டமாக வந்தோர் ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில், ஒரே கங்காணியின் கீழ் அமர்ந்தனர்.

4. கிரிமிட்டும் துண்டும்

பிஜித் தொழிலாளி ஐந்தாண்டு ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டுச் சென்றான். அவ்வொப்பந்தத்திற்கான ஆங்கிலச் சொல் மக்கள் வாயில் ‘கிரிமிட்’ எனத் திரிந்தது. அவ்வடிவம் அந்த வாழ்க்கை முழுவதற்கும் பெயராயிற்று. ஒரு நாள் வேலை அளந்து கொடுக்கப்பட்டது. அளவை முடித்த ஆணுக்கு ஒரு சிலிங். பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். முடிக்காதவர் கூலியிழந்ததோடு நீதிமன்றத்திலும் நிறுத்தப்பட்டனர். பத்தடிக்கு ஏழடி அறையில் மூன்று ஆண்களோ, ஒரு குடும்பமோ வாழ்ந்தனர். பெண்கள் மேற்பார்வையாளரின் கொடுமைக்கு ஆளாயினர். தற்கொலைகள் பெருகின. 1913இல் குந்தி என்னும் தொழிலாளியின் வழக்கு இந்தியப் பத்திரிகைகளில் வெளியாகி நாட்டை உலுக்கியது. 1915இல் சி. எவ். அன்ட்ரூசும் பியர்சனும் பிஜி சென்று விசாரித்து வெளியிட்ட அறிக்கை கிளர்ச்சிக்கு வலுவூட்டியது. பிஜிக் கரும்புத் தோட்டப் பெண்களின் துயரைப் பாரதி பாடியமையும் இச்சூழலிலேயேயாம். எஞ்சிய ஒப்பந்தங்கள் யாவும் 1920 ஜனவரி 1இல் ஒழிக்கப்பட்டன.

மலையகத்தில் ஐந்தாண்டு ஒப்பந்தம் இல்லை. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டப்படி தொழிலாளி மாதந்தோறும் விலகும் உரிமையுடையவனாகக் கருதப்பட்டான். இதனைக் காட்டியே இலங்கையில் உழைப்புச் சுதந்திரமானது எனத் தோட்டக்காரர் வாதித்தனர். நடைமுறையிலோ முன்பணக் கடன் அவனைப் பிணித்தது. ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்திற்குச் செல்ல வேண்டின், கடன் தொகை எழுதப்பட்ட ‘துண்டு’ வேண்டும். புதிய தோட்டம் அக்கடனைத் தீர்த்தே ஆட்களைப் பெற்றது. ஆகவே மனிதர் கைமாறினர். கடன் அவர்களோடு சென்றது. தன் கீழ் வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் கங்காணி ‘பென்ஸ் காசு’ பெற்றான். பெரட்டுக்களத்தில் தப்புச் சத்தத்தோடு நாள் தொடங்கிற்று. குறித்த அளவு கொழுந்து பறிக்காதவளுக்கு ‘அரைப்பேர்’ போடப்பட்டது. துண்டு முறை 1921இலேயே தடைசெய்யப்பட்டது.

பிஜியில் அடிமைத்தனம் காலவரையறை உடையது. அதன் வடிவம் தெளிவானது. ஐந்தாண்டு முடிந்தபின் ஒருவன் கம்பெனியிடமோ பிஜியரிடமோ நிலம் குத்தகைக்குப் பெற்றுத் தானே கரும்பு பயிரிடலாம். பத்தாண்டு முடிவில் இலவசமாக ஊர் திரும்பலாம். மலையகத்தில் அடிமைத்தனம் உறவின் வடிவில் வந்தமையால் அதற்கு முடிவுநாள் இருக்கவில்லை. அங்கு ஒப்பந்தம் முடிந்தோர் சிறு விவசாயியாயினர். இங்கு தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளியாகவே நீடித்தனர்.

5. மொழியின் தலைவிதி

மேற்கூறிய வேறுபாடே மொழியின் தலைவிதியையும் நிர்ணயித்தது. மலையகத்தில் கங்காணி முறை சாதிப் படிநிலையையும் கடனையும் கொண்டுவந்தது. அவற்றோடு ஊரையும் கொண்டுவந்தது. காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய கூத்துகள் தோட்டந்தோறும் வேரூன்றின. தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் புதிய நிலத்தின் துயரை ஏற்றுப் புதிய பொருள் பெற்றன. தோட்டத்தின் தனிமை மக்களை வெளியுலகிலிருந்து மறைத்தது. மொழியையோ கலப்பின்றிக் காத்தது. சுரண்டலின் கருவியாக இருந்த அமைப்பே பண்பாட்டின் கொள்கலமாகவும் அமைந்தது என்ற இம்முரணை மறைத்தெழுதுதல் வரலாற்று நேர்மையாகாது. ஆனால் மொழியைப் பேணியமையின் பெருமை கங்காணிக்குரியதன்று. இரவிற் கூத்தாடி விடியலிற் கொழுந்தெடுக்கச் சென்ற மக்களுக்கே உரியது. அம்மரபிலிருந்தே பின்னர் மீனாட்சி அம்மையின் தொழிற்சங்கப் பாடல்களும், நாட்டார் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்துகளும் பிறந்தன.

பிஜியில் தமிழர் சிறுபான்மையினருட் சிறுபான்மையினர். தீவுதோறும் பங்கிடப்பட்டு, இந்துஸ்தானி பேசும் சர்தாரின் கீழ் வேலை செய்தனர். ‘மதராசி’ எனப் பொதுப்பெயரால் இகழப்பட்டனர். வேலைத்தலத்தின் பொதுமொழியே பிள்ளைகளின் வீட்டு மொழியுமாயிற்று. இதனை உணர்ந்தோர் வாளாவிருக்கவில்லை. 1926இல் சாது குப்புசாமியின் முயற்சியால் நந்தியில் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் நிறுவப்பட்டுப் பாடசாலைகள் பலவற்றைத் தோற்றுவித்தது. அதன் வேண்டுகோளுக்கிணங்க இராமகிருஷ்ண மடத்திலிருந்து 1937இல் சுவாமி அவிநாசானந்தரும் 1939இல் சுவாமி ருத்திரானந்தரும் வந்தனர். பாடசாலைகள் வளர்ந்தன, மொழி தளர்ந்தது. இன்று நந்தியின் சிவசுப்பிரமணிய ஆலயத்தில் திராவிடக் கோபுரம் உயர்ந்து நிற்கின்றது. சூவாவில் ஆண்டுதோறும் தீமிதி நிகழ்கின்றது. கோயிலும் சடங்கும் எஞ்சின. பேச்சு பிஜி இந்தியாயிற்று. பள்ளியொன்றே மொழியைக் காவாது. வீடும் வேலைத்தலமும் அதனைப் பேச வேண்டும் என்பதே பிஜி தரும் பாடம்.

6. நிலமும் வாக்கும்

பிஜி இந்தியர் 1929இல் தம் பிரதிநிதிகள் மூவரைச் சட்டசபைக்குத் தெரிந்தனர். அம்மூவரும் பொதுவாக்காளர் பதிவு கோரிச் சபையினின்றும் வெளியேறினர். 1946ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் இந்தியர் தொகை பிஜியரின் தொகையை விஞ்சியது. 1970இல் நாடு விடுதலை பெற்றபோது அவர்கள் குடியுரிமையுடையோராயினர். எனினும் நிலத்தின் பெரும்பகுதி பிஜியர் உடைமை, இந்தியர் குத்தகையாளர். 1987இலும் 2000இலும் நிகழ்ந்த ஆட்சிக் கவிழ்ப்புகள் இந்தியரின் அரசியற் பங்கைத் தாக்கின. 1997 முதல் குத்தகைகள் முடிவடையத் தொடங்கவே கரும்பு விவசாயிகள் பலர் நிலமிழந்தனர். ஆயிரக்கணக்கானோர் அவுஸ்திரேலியாவிற்கும் நியூசிலாந்திற்கும் பெயர்ந்தனர்.

இலங்கையில் அதே 1946ஆம் ஆண்டின் குடிமதிப்பு, இந்தியத் தமிழரை 780,000க்கு மேற்பட்டோராகக் காட்டியது. 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரசின் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். தலவாக்கலையில் வென்றவர் சி. வி. வேலுப்பிள்ளை. மறு ஆண்டிலேயே பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்து 1949ஆம் ஆண்டுச் சட்டங்களும் அவர்களின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. 1964ஆம் ஆண்டு சிறீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். எந்நாட்டில் வாழ விரும்புகின்றனர் என அம்மக்களைக் கேட்காமலேயே இரு அரசுகளும் எண்ணிக்கையை முடிவு செய்தன. நாடற்றோர் பிரச்சினை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்துடனேயே சட்டவடிவில் முடிவுற்றது. நிலப் பிரச்சினையோ முடிவுறவில்லை: லயத்திற்குப் பதிலாகத் தனிவீடும் ஏழு பேர்ச்சஸ் காணியும் என்பது இன்றும் கோரிக்கையாகவே ஒலிக்கின்றது.

இரு நாடுகளிலும் ஒரு பொதுமை தெளிவு. நிலமற்றவனின் வாக்கு எளிதிற் பறிக்கப்பட்டது. இரண்டாவது பொதுமை, உழைப்பாளியின் கோபமும் மண்ணின் மைந்தனின் கோபமும் ஒன்றையொன்று நோக்கித் திருப்பப்பட்டமை. கண்டிய விவசாயியின் நிலத்தைப் பறித்தவன் தமிழ்த் தொழிலாளியல்லன். பிஜியரைத் தம் கிராமத்துள் அடைத்தவன் கரும்பு வெட்டியவனும் அல்லன். இரண்டையும் செய்த மூலதனமும் ஆட்சியும் அகன்ற பின்னர், எஞ்சியிருந்த இருசாராரும் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்ட விடப்பட்டனர்.

7. முடிவுரை

2023ஆம் ஆண்டு இரு நாடுகளிலும் நினைவின் ஆண்டாக அமைந்தது. அவ்வாண்டு மே மாதத்திற் பிஜி முதன்முறையாகக் கிரிமிட் நாளை அரச விடுமுறையாக அனுட்டித்தது. 1987இல் ஆட்சியைக் கவிழ்த்தவரும் அப்போதைய பிரதமருமான சித்திவேனி ரபுக்கா இந்திய வம்சாவளியினரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். அதே ஆண்டு யூலை, ஓகஸ்ட் மாதங்களில், இருநூறு ஆண்டு நிறைவையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியே மலையக மக்கள் நடந்து சென்றனர். பிஜியில் அரசு மக்களை நோக்கிப் பேசியது. இலங்கையில் மக்கள் அரசையும் சக இனத்தாரையும் நோக்கி நடந்தனர். 1948இன் செயலுக்கு அதையொத்த ஒரு சொல் இங்கு இன்னும் எதிர்பார்க்கப்படுகின்றது.

இவ்வொப்பீட்டினால் ஆய்வுலகிற்கு ஒரு பணியும் புலப்படுகின்றது. மலையகத் தமிழரின் வரலாற்றை இலங்கை இனப்பிரச்சினையின் ஒரு கிளையாக மட்டும் படிப்பின், அதன் உலகப் பரிமாணம் மறைந்துவிடும். ஹற்றனில் கொழுந்து கிள்ளிய பெண்ணும் லம்பாசாவிற் கரும்பு வெட்டிய பெண்ணும் ஒரே நூற்றாண்டின் ஒரே அமைப்பினாற் பெயர்க்கப்பட்டவர்கள். ஒருத்தியின் பேத்தி இன்று தமிழிற் பாடுகிறாள். மற்றவளின் பேத்தி தமிழறியாது மாரியம்மனைக் கும்பிடுகிறாள். இவ்விருவரையும் ஒரே வரலாற்றின் மாந்தராகக் கண்டு, தோட்டப் பதிவேடுகளும் கப்பற் பதிவுகளும் முதியோர் நினைவுகளும் அழியுமுன் அவற்றைத் தேடித் தொகுத்தல் தமிழாய்வாளரின் உடனடிக் கடமையாகும்.